மால்வெர்னில் ஏழு நாள்: ஆனி டார்வினின் நோயும் ஒரு வீட்டின் நம்பிக்கையும்

1851 ஏப்ரலில் சார்லஸ் டார்வின் தன் மனைவி எம்மாவுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் இப்படி ஒரு சேதி வருகிறது. அடிவிரிப்பை மாற்றியாயிற்று. பிள்ளையின் உள்சட்டையின் கீழ்ப்பகுதியைக் கத்தரித்தாயிற்று. படுக்கையைச் சமமாக்கி, எலும்பு துருத்திய இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு சின்னத் தலையணை வைத்தாயிற்று. இப்போது பார்க்க நன்றாக இருக்கிறாள்.

படுத்த படுக்கையாகக் கிடந்த ஒருவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இந்த வரிகளை விளக்க வேண்டியதில்லை. நீளச் சட்டை உடம்புக்கு அடியில் சுருண்டு நனைந்துவிடும். ஒவ்வொரு முறையும் தூக்கிக் கழற்ற நோயாளிக்குத் தெம்பு இருக்காது. கத்தரித்துவிட்டால் மேல்பாதியைத் தொடாமலே சுத்தம் செய்யலாம். சதை வற்றியபின் ஒருக்களித்துப் படுத்தால் முழங்காலோடு முழங்கால் உரசித் தோல் கன்றும், புண்ணாகும். அதற்குத்தான் அந்தத் தலையணை. எழுதியவர் அப்போது 42 வயதுக்காரர், பெயர்பெற்ற இயற்கை ஆய்வாளர். படுத்திருந்தவள் அவருடைய மூத்த மகள் ஆனி, பத்து வயது.

இந்த மரணத்தைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு: மகள் செத்தாள், தகப்பனுக்குக் கடவுள் நம்பிக்கை போயிற்று, பிறகு அவர் பரிணாமக் கொள்கையை உலகுக்குச் சொன்னார். கேட்க நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் அந்த வீட்டிலிருந்து நமக்குக் கிடைத்திருக்கும் கடிதங்களும் குறிப்புகளும் வேறொன்றைச் சொல்கின்றன. நோய், துக்கம், நம்பிக்கை மூன்றும் 19-ஆம் நூற்றாண்டு வீடு ஒன்றில் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் சான்றுகள் அபூர்வம். ஆகவே கதையை ஓரமாக வைத்துவிட்டு நடந்ததை வரிசையாகப் பார்ப்போம்.

வீடு

எம்மா, சார்லஸுக்குத் தாய்மாமன் மகள். சார்லஸின் தாய் சுசன்னாவும் எம்மாவின் தந்தை ஜோசையா வெஜ்வுட்டும் உடன்பிறந்தவர்கள். எம்மா 1808 மே மாதம் பிறந்தவர், சார்லஸைவிட ஒன்பது மாதம் மூத்தவர். 1839 ஜனவரியில் கல்யாணம். 1842-இல் கென்ட் மாவட்டத்தின் டௌன் கிராமத்தில் குடியேறினார்கள். மொத்தம் பத்துப் பிள்ளைகள், அதில் மூன்று பேர் சிறுவயதிலேயே இறந்தார்கள். மேரி எலினார் 1842-இல் மூன்று வாரக் குழந்தையாக, ஆனி 1851-இல் பத்து வயதில், சார்லஸ் வாரிங் 1858-இல் ஒன்றரை வயதில். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 150 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. வசதியும் வைத்தியரும் உள்ள வீட்டிலும் மூன்று பெட்டிகள் வெளியே போயின.

நம்பிக்கை விஷயத்தில் இந்தத் தம்பதி ஒரே இடத்தில் நிற்கவில்லை. எம்மாவின் குடும்பம் யூனிடேரியன் மரபைச் சேர்ந்தது. கடவுள் ஒருவர், இயேசு அவரல்ல, பிதா சுதன் ஆவி என்ற மும்மைக் கோட்பாடு ஏற்கத்தக்கதல்ல என்பது அந்த மரபு. ஊர்க் கோயிலில் விசுவாச அறிக்கை சொல்லும்போது சபை முழுதும் பீடத்தை நோக்கித் திரும்பும். டார்வின் குடும்பம் மட்டும் திரும்பாமல் நேராகப் பார்த்தபடி நிற்கும். இதை மகன் பிரான்சிஸ் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆக எம்மாவின் பக்தி ஊரோடு ஒத்துப்போகும் பழக்கத்தால் வந்ததல்ல. அவராகவே யோசித்துப் பிடித்துக்கொண்டது.

அதன் மையத்தில் ஒரு மரணம் இருந்தது. 1832 ஆகஸ்டில் எம்மாவின் அக்கா ஃபேனி 26 வயதில் சில நாள் நோயில் இறந்துபோனார். இருவரும் இணைபிரியாமல் வளர்ந்தவர்கள். அக்காவை மறுமையில் பார்ப்பேன் என்ற நம்பிக்கைதான் அதன்பின் எம்மாவைத் தாங்கியது. பரலோகம் என்றால் அவருக்குத் தத்துவம் இல்லை. பிரிந்தவர்கள் கூடும் இடம். அவ்வளவுதான்.

அதனால்தான் கணவரின் சந்தேகம் அவரை வேறு விதத்தில் பயமுறுத்தியது. கல்யாணத்துக்கு முன்பே சார்லஸ் தன் ஐயங்களை அவரிடம் மறைக்காமல் சொல்லியிருந்தார். 1839 தொடக்கத்தில் எம்மா அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அறிவியலில் நிரூபணம் கேட்கும் பழக்கம், நிரூபிக்க முடியாத விஷயங்களிலும் உங்கள் மனதைப் பாதிக்குமோ என்று அதில் கேட்கிறார். நாம் என்றென்றைக்கும் ஒருவருக்கொருவர் உரியவர்கள் இல்லை என்று நினைத்தால் என்னால் தாங்க முடியாது என்றும் எழுதுகிறார். சார்லஸ் அந்தக் கடிதத்தைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார். கடைசியில் அவர் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: நான் இறந்தபின் தெரிந்துகொள், இதைப் பலமுறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தின் ஆண்டை மறக்க வேண்டாம். 1839. ஆனி பிறந்தது 1841 மார்ச் 2.

நோய் வந்த விதம்

1850 ஜூன் மாதக் கடைசியில்தான் ஆனிக்கு உடம்பு சரியில்லாமல் போக ஆரம்பித்தது என்று எம்மா பின்னர் குறித்து வைத்தார். குறிப்பாக இன்ன நோய் என்று சொல்ல முடியவில்லை. சோர்வு, காரணமில்லாத அழுகை, இரவில் தூக்கமின்மை, வயிற்றுக் கோளாறு. அக்டோபரில் கடற்காற்றும் கடல் குளியலும் நல்லது என்று ராம்ஸ்கேட் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். குணமில்லை. லண்டனில் உறவினரும் பெரிய வைத்தியருமான ஹென்றி ஹாலண்டிடம் காட்டினார்கள். அவராலும் ஒன்றும் பிடிபடவில்லை.

அப்போதுதான் சார்லஸ் தனக்குப் பலன் தந்த வைத்தியத்தை நினைத்தார். அவருக்கே பல ஆண்டாக வாந்தி, நடுக்கம், வயிற்று உப்புசம். 1849-இல் குடும்பத்தோடு நீர் சிகிச்சைக்குப் பெயர்போன மால்வெர்ன் என்ற இங்கிலாந்து ஊருக்குப் போய் டாக்டர் ஜேம்ஸ் கல்லியிடம் சில மாதம் நீர் சிகிச்சை எடுத்துக்கொண்டார். தேறினார். தகப்பனுக்கு இருந்த கோளாறுதான் மகளுக்கும் வந்திருக்கிறது என்பது அவருடைய பயம். தன் மோசமான ஜீரணம் இவளுக்கும் பரம்பரையாக வந்துவிட்டதோ என்று 1851 மார்ச்சில் நண்பரும் உறவினருமான வில்லியம் டார்வின் ஃபாக்ஸுக்கு எழுதினார். தாய்மாமன் மகளைக் கட்டியதால் பிள்ளைகள் நலிந்துபோகிறார்களோ என்ற கவலை கடைசிவரை அவரை விடவில்லை. 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இரத்த உறவுத் திருமணம் பற்றி ஒரு கேள்வி சேர்க்கச் சொல்லி நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லப்பக் வழியாக முயன்றார். நாடாளுமன்றம் ஏற்கவில்லை.

நீர் சிகிச்சை என்றால் என்ன என்று தெரியாமல் இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள முடியாது. மருந்து குடித்துக் கெட்டுப்போன உடம்பைத் தண்ணீரால் தேற்றுவது அதன் அடிப்படை. பாதரசமும் அபினும் சாதாரணமாகக் கொடுக்கப்பட்ட காலம் அது. அதோடு ஒப்பிட்டால் தண்ணீர் வைத்தியம் பெரும்பாலும் கெடுதல் செய்யவில்லை. அதன் புகழுக்கு இது ஒரு முக்கியக் காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. சார்லஸ் தன் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில் ஒரு நாளின் ஒழுங்கு இருக்கிறது. காலை ஏழுக்குக் கால்மணி முன்பு எழுந்து, குளிர்ந்த நீரில் முரட்டுத் துண்டால் இரண்டு மூன்று நிமிடம் தேய்ப்பு. ஒரு தம்ளர் தண்ணீர். இருபது நிமிட நடை. பிறகு மடித்து நனைத்த அகலமான லினன் துணியை வயிற்றில் கட்டி, மேலே தண்ணீர் புகாத துணி. இரண்டு மணிக்கு ஒருமுறை அதைக் குளிர்நீரில் தோய்த்து மறுபடி கட்ட வேண்டும். நண்பகலில் கடுகு கலந்த குளிர்நீரில் பத்து நிமிடம் கால் வைக்க வேண்டும். சர்க்கரை, வெண்ணெய், மசாலா, தேநீர் எல்லாம் விலக்கு.

இதோடு ஈரத்துணிக் கட்டும் உண்டு. மெத்தைமேல் கம்பளிகளை விரித்து, குளிர்நீரில் நனைத்து முறுக்கிப் பிழிந்த விரிப்பை அதன்மேல் போட்டு, நோயாளியைக் கழுத்திலிருந்து கால்வரை அதில் சுற்றி, மேலே கம்பளிகளால் இறுக்க வேண்டும். முதலில் குளிர் வெட்டும். சற்று நேரத்தில் உடம்புச்சூட்டில் துணி வெதுவெதுப்பாகும். பிறகு எழுப்பிக் குளிர்நீர் விட்டுத் துடைப்பார்கள். துணியைச் சரியாகப் பிழியாவிட்டாலும், உடம்பில் சூடு உண்டாக்கத் தெம்பு இல்லாவிட்டாலும் வெதுவெதுப்பு வராது, நடுக்கம்தான் மிஞ்சும். மெலிந்த பிள்ளைக்கு இதில்தான் ஆபத்து.

1851-இன் தொடக்கத்தில் கல்லியின் யோசனைப்படி இதையெல்லாம் வீட்டிலேயே ஆனிக்குச் செய்தார்கள். முதுகுத்தண்டில் நீர் ஒத்தி எடுப்பது, ஈரத்துணியில் சுற்றுவது, கால் குளியல். சார்லஸ் 1849 ஜூலையிலிருந்தே தன் உடம்புக்கு ஒரு தினக்குறிப்பு வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் ஒரு வரி, நல்ல நாளுக்குக் கோடு, மிக நல்ல நாளுக்கு இரட்டைக் கோடு, மாதக் கடைசியில் கூட்டல். அதே பாணியில் மகளுக்கும் எழுதினார். எந்தச் சிகிச்சைக்குப் பின் இரவு எப்படிப் போயிற்று, அழுதாளா, இருமினாளா என்று. மார்ச்சில் சளிக்காய்ச்சல் வந்து அவளை இன்னும் கீழே தள்ளியது.

மார்ச் 24 அன்று ஆனி, தங்கை எட்டி, ஆயா ப்ரோடி மூவரையும் மால்வெர்ன் அழைத்துச் சென்று, மான்ட்ரியல் ஹவுஸ் என்ற வீட்டில் தங்கவைத்தார். வீட்டு ஆசிரியை தார்லியும் வந்து சேர்ந்தார். சில நாள் இருந்துவிட்டு சார்லஸ் திரும்பினார். எம்மாவால் கிளம்ப முடியவில்லை, பிரசவ மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 17 முதல் 23 வரை

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் வாந்தி ஆரம்பித்தது. முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காய்ச்சலும் சேர்ந்தபோதுதான் டௌனுக்கு ஆள் சொல்லி அனுப்பினார்கள். 17-ஆம் தேதி, பெரிய வியாழன் அன்று, சார்லஸ் வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள் என்று அன்றைக்கே எம்மாவுக்கு எழுதினார். அந்த இரவு கல்லி அங்கேயே தங்கினார். கொடுத்த மருந்து கற்பூரமும் அம்மோனியாவும். ஆகாரம் சில கரண்டி ரசம்.

மறுநாள் புனித வெள்ளி. மணிக்கு மணி உயிருக்கும் சாவுக்கும் நடக்கும் போராட்டம் என்று எழுதுகிறார். முகம் ஒட்டிக் கூர்மையாகிவிட்டது, நீ பார்த்தால் அடையாளமே தெரியாது, பழைய ஆனியை மறந்தால்தான் இவளைப் பார்க்க முடிகிறது என்கிறார். எம்மாவின் அண்ணி ஃபேனி வெஜ்வுட் உதவிக்கு வந்து சேர்ந்தார். (இறந்துபோன அக்காவும் ஃபேனி, இந்த அண்ணியும் ஃபேனி. குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

அடுத்த நாட்களின் வேலைகளைக் கடிதங்களிலிருந்து கூட்டிப் பார்த்தால் ஒரு முழுப் பராமரிப்பு முறை கிடைக்கிறது. கஞ்சியில் சிறிது பிராந்தி கலந்து கரண்டியால் ஊட்டினார்கள். வயிற்றின்மேல் கடுகுப் பற்று போட்டார்கள். வினிகர் கலந்த நீரால் உடம்பை ஒத்தித் துடைத்தார்கள். சிறுநீர் இறங்காமல் போனபோது அறுவை வைத்தியரை அழைத்துக் குழாய் விட்டு எடுத்தார்கள். வாந்தி பச்சையாக வந்தது. வாந்தியின் நிறத்தையும், வந்த நேரத்தையும், அடுத்து எத்தனை கரண்டி உள்ளே தங்கியது என்பதையும் சார்லஸ் எழுதினார். காய்ச்சல்மானி வைத்தியர் பைக்கு வராத காலம், கையால் தொட்டுப் பார்த்த சூடும் நாடித்துடிப்பும்தான் அளவு. கல்லி இரண்டு அறிகுறிகளுக்குப் பயந்தார்: புரண்டு புரண்டு படுக்கும் அமைதியின்மை, உடம்பு சில்லிடுவது.

20-ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறு. உயிர்த்தெழுதலைக் கொண்டாடும் நாள். அன்றைய கடிதத்தில் அதைப் பற்றிய தியானம் இல்லை, கஞ்சிக் கரண்டிதான் இருக்கிறது. வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள், போதும் என்றாள். உனக்கு எழுதுவது ஒரு நிம்மதி, எழுதும்போது அமைதியாக அழ முடிகிறது என்று அந்த நாட்களில் எம்மாவிடம் சொல்கிறார்.

கடிதம் டௌன் சேர ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். எம்மா படித்தது எப்போதும் நேற்றைய மகளைத்தான். போதும் என்று சொன்ன பிள்ளையைப் படித்து மனம் தேறிய நேரத்தில் அங்கே நிலைமை மாறியிருக்கும். அவர் எழுதிய பதிலும் இன்னொரு நாள் பிந்தித்தான் மால்வெர்ன் சேரும். இந்தத் துக்கத்தின் அமைப்பையே இந்த ஒரு நாள் இடைவெளி தீர்மானித்தது. கடைசியில் 23-ஆம் தேதி எதிர்பார்த்த சேதி வரவில்லை. வராமல் போனதன் அர்த்தம் எனக்கு நன்றாகவே புரிந்தது என்று எம்மா மறுநாள் எழுதினார்.

23-ஆம் தேதி புதன், நண்பகல் 12 மணி. மிக அமைதியாக, மிக இனிமையாகத் தன் கடைசித் தூக்கத்துக்குப் போனாள், ஒரு பெருமூச்சுகூட இல்லை என்று சார்லஸ் எழுதினார். எம்மாவின் நாட்குறிப்பில் அன்றைய தேதியில் 12 மணி என்று மட்டும் இருக்கிறது.

மறுநாள் சார்லஸ் ஊருக்குக் கிளம்பிவிட்டார். அடக்கம் 25-ஆம் தேதி, மால்வெர்ன் பிரையரி கோயில் முற்றத்தில். ஃபேனியும் அவர் கணவரும் ஆசிரியையும் ஆயாவும்தான் நின்றார்கள். தகப்பன் இல்லாத அடக்கத்தை ஈரமின்மையாகப் பார்க்கத் தோன்றலாம். ஆனால் எம்மா எழுதியதைப் படித்தால் அப்படித் தோன்றாது. போன செல்வத்துக்காக ஏங்குவதில் மற்றப் பிள்ளைகள்மேல்கூட மனம் ஒட்டவில்லை, சீக்கிரம் சரியாகிவிடுவேன். நீங்கள்தான் என் முதல் செல்வம், நீங்கள் பத்திரமாக வீடு வந்து சேர்ந்து இருவரும் சேர்ந்து அழுவதுதான் எனக்கு ஆறுதல் என்கிறார். பக்தியுள்ள தாய். அந்த வேளையில் அவர் கேட்டது, சேர்ந்து அழ ஒரு துணை. இருபது நாள் கழித்து, மே 13 அன்று, மகன் ஹொரேஸைப் பெற்றார்.

என்ன நோய்

இறப்புச் சான்றில் டைபாய்டு தன்மையுள்ள பித்தக் காய்ச்சல் என்று எழுதப்பட்டது. இது ஒரு நோயின் பெயரில்லை, காட்சியின் பெயர். பித்தம் என்றால் வாந்தி, டைபாய்டு தன்மை என்றால் மயக்க நிலையில் நீளும் காய்ச்சல். டைபாய்டு கிருமி 1880-இல்தான் அடையாளம் காணப்பட்டது. காசநோய்க் கிருமியை ராபர்ட் காஹ் அறிவித்தது 1882-இல். ஏறத்தாழ பத்து மாதம் இழுத்த நலிவைப் பார்த்துப் பின்னாளில் பலரும் காசநோயைச் சந்தேகித்தார்கள். வாதம் வலுவானது, உறுதிப்படுத்த வழியில்லை.

எந்த நோயாக இருந்தாலும் அந்தக் கடைசி வாரத்தில் அவளைக் கீழே இழுத்ததில் பெரும்பங்கு நீரிழப்புக்கு உண்டு. ஒட்டிய முகம், இறங்காத சிறுநீர், பெரும்பாலும் தண்ணீரே கேட்டது எல்லாம் ஒரே பக்கம் காட்டுகின்றன. இதற்கான வழி 19 ஆண்டுக்கு முன்பே ஒருமுறை திறந்திருந்தது. 1832 காலரா பரவியபோது ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா என்ற வைத்தியர் உப்புநீரை இரத்தக்குழாய் வழியே ஏற்றிச் சில நோயாளிகளை எழுப்பிக் காட்டினார். கிருமிநீக்கம் தெரியாத காலம். எவ்வளவு ஏற்றுவது, எத்தனை நேரம் தொடர்வது என்ற கணக்கும் இல்லை. முறை கைவிடப்பட்டது. கரண்டிக் கஞ்சி போதவில்லை, அதில் சேர்த்த பிராந்தியும் உதவவில்லை. கொடுத்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த மிகச் சிறந்ததைக் கொடுத்தார்கள்.

அவள் என்ன சொன்னாள்

விக்டோரியா காலப் பக்தி நூல்களில் சாகும் குழந்தைக்கு ஒரு கடமை இருந்தது. வேத வசனம் சொல்ல வேண்டும், இயேசுவிடம் போகிறேன் என்று சொல்லிச் சுற்றியிருப்பவர்களைத் தேற்ற வேண்டும். இது வெறும் புத்தகப் பாவனை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1856-இல் கார்லைல் நகரில் தலைமைக் குருவாக இருந்த ஆர்ச்சிபால்ட் டெய்ட்டின் வீட்டில் ஸ்கார்லெட் காய்ச்சல் என்ற தொற்றுநோய் புகுந்து, ஏறத்தாழ ஐந்து வாரத்தில் ஐந்து பெண்பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. தாய் கேதரின் அந்த நாட்களை விரிவாக எழுதினார். ஜெபமும் பாட்டும் ஒவ்வொரு படுக்கையோடும் வருகின்றன. அந்தத் தாய் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். கணவர் பின்னாளில் கேன்டர்பரி பேராயரானார்.

ஆனியின் படுக்கையருகில் அப்படி ஒரு சொல்லும் பதிவாகவில்லை. ஆரஞ்சு கேட்டாள். தேநீர் ரொம்ப நன்றாக இருக்கிறது என்றாள். தகப்பன் தண்ணீர் கொடுத்தபோது மிகவும் நன்றி என்றாள். என்னிடம் அவள் சொன்ன கடைசி வார்த்தை அதுவாகத்தான் இருக்கும் என்று சார்லஸ் எழுதினார். அவள் பொறுமையையும் நன்றியையும் கேட்கவே நெஞ்சு வலிக்கிறது என்று எம்மாவுக்கும் எழுதியிருந்தார்.

சாவு நடந்த ஒரு வாரத்தில், ஏப்ரல் 30 அன்று, அவளைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதினார். பின்னாளில் அவள் குணங்கள் தெளிவாக நினைவுக்கு வரவேண்டும் என்பதுதான் நோக்கம் என்று முதலிலேயே சொல்கிறார். அப்பாவுக்காகத் திருடிய ஒரு சிட்டிகை மூக்குப்பொடியோடு மாடிப்படியில் அவள் ஓடி வருவது அதில் இருக்கிறது. வீட்டின் மகிழ்ச்சியை, எங்கள் முதுமைக்கான ஆறுதலை இழந்துவிட்டோம் என்ற வரி இருக்கிறது. நாங்கள் எவ்வளவு நேசிக்கிறோம் என்பது இப்போது அவளுக்குத் தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற ஏக்கம் கடைசியில் வருகிறது. மறுமையில் சந்திப்போம் என்ற சொல் எங்கும் இல்லை. கடவுள்மேல் கோபமும் இல்லை.

கடிதங்களில் கடவுள் பெயர் வருகிறதே என்று சிலர் கேட்பார்கள். முடிவு கடவுளுக்குத்தான் தெரியும், இருந்திருந்தால் அவளுக்கு என்னென்ன துன்பம் வந்திருக்குமோ கடவுளுக்குத்தான் வெளிச்சம் என்றெல்லாம் எழுதுகிறார். நம் வீடுகளிலும் சாமி கும்பிடாதவர் வாயில்கூட இது வரும். இதை வைத்து நம்பிக்கையை அளக்க முடியாது.

நம்பிக்கை எப்போது போயிற்று

1876-இல் குடும்பத்துக்காக எழுதிய தன்வரலாற்றில் சார்லஸ் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். 1836-க்கும் 1839-க்கும் இடையில் மதத்தைப் பற்றி நிறைய யோசித்தேன். அவிசுவாசம் மிக மெதுவாக உள்ளே வந்தது, அவ்வளவு மெதுவாக வந்ததால் வேதனையே தெரியவில்லை என்கிறார். நம்பாதவர்களுக்கு நித்திய தண்டனை என்ற போதனையை அவர் வன்மையாகக் கண்டிக்கும் இடத்தில் தகப்பனையும் சகோதரனையும் நண்பர்களையும் சொல்கிறார், மகளைச் சொல்லவில்லை. தகப்பன் ராபர்ட் டார்வின் நம்பிக்கையில்லாதவர், 1848 நவம்பரில் இறந்தார். 1887-இல் அந்நூல் அச்சானபோது இந்தக் கண்டனத்தை எம்மா நீக்கச் சொன்னார். 1958-இல்தான் முழு வடிவம் வெளியானது.

ஆனியின் சாவோடு கிறிஸ்தவமும் செத்தது என்ற கருத்தை ஆய்வாளர்கள் சிலர் முன்வைத்ததுண்டு. 2012-இல் ஜான் வான் வைஹேயும் மார்க் பாலனும் அதற்குச் சான்று இல்லை என்று விரிவாக மறுத்தார்கள். 1839 கடிதம் ஒன்றே போதும் என்பது என் எண்ணம். சந்தேகம் பிள்ளைக்கு முன்பே பிறந்துவிட்டது. மகளின் சாவு இயற்கையின் கொடுமையைப் பற்றிய அவருடைய யோசனைக்கு எடை கூட்டியிருக்கலாம். நம்பிக்கையைக் கவிழ்த்தது என்று சொல்ல அவர் எழுதியதில் எதுவும் இல்லை.

இந்தக் கேள்வியையே எல்லோரும் சுற்றிவருவதில் ஒருத்தி மறைந்துபோகிறாள். எட்டி என்ற ஹென்ரியட்டா. அப்போது ஏழு வயது. அக்காவோடு மால்வெர்ன் போனவள். 1852-இன் தொடக்கத்தில் எம்மா இந்த மகளின் கேள்விகளைக் குறித்து வைத்தார். நல்ல பெண்ணாக இருக்க என்ன செய்யவேண்டும் அம்மா? ஆனி இருந்தபோது நான் ரொம்பக் கெட்ட பெண்ணாக இருந்தேன், கடவுள் மன்னிப்பாரா? தேவதூதர்கள் எல்லாரும் ஆண்கள்தானே, பெண்கள் எங்கே போவார்கள்? நீங்கள் என்னோடு பரலோகம் வருவீர்களா? நரகத்துக்குப் போய்விடுவோமோ என்ற பயம் அவளை இரவில் படுத்தியது.

அந்தக் கடைசிக் கேள்விக்கு எம்மா, வருவேன் என்று நம்புகிறேன், ஆனியும் நம்மோடு இருப்பாள் என்றார். இருபது ஆண்டுக்கு முன் தன் அக்காவுக்காகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட பதில் இது. ஆனால் தாய்க்கு ஆறுதலாக இருந்த அதே பரலோகம் மகளுக்குத் தேர்வு மண்டபமாகிவிட்டது. நல்லவர்களுக்கு மட்டும் கதவு திறக்குமென்றால், அக்காவோடு சண்டை போட்ட தான் உள்ளே போக முடியுமா என்று அந்தக் குழந்தை கணக்குப் போட்டாள். துக்கம் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் தாயையும் தகப்பனையும் தேற்றுகிறார்கள். உடன்பிறந்த பிள்ளை என்ன நினைக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எம்மா கேட்டார். கேட்டதை எழுதியும் வைத்தார். இந்த நிகழ்வின் மிகப் பெறுமதியான பதிவு என்று அந்தக் குறிப்பைத்தான் சொல்வேன்.

பிறகு

1858 ஜூன் 28 அன்று கடைக்குட்டி சார்லஸ் வாரிங் ஸ்கார்லெட் காய்ச்சலில் இறந்தான். எட்டிக்கு அப்போது தொண்டையடைப்பான். ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் கழகத்தில் டார்வின், அதே கொள்கையைத் தனியாகக் கண்டடைந்த வாலஸ் இருவரின் கட்டுரைகளும் வாசிக்கப்பட்டன. இயற்கைத் தேர்வுக் கொள்கை சபையேறிய அந்தக் கூட்டத்துக்கு டார்வின் போகவில்லை.

1860-இல் நண்பர் ஹக்ஸ்லியின் மகன் நோயல் நான்கு வயது நிறையுமுன் இறந்தபோது டார்வின் ஆறுதல் எழுதினார். காலம் ஒன்றுதான் வேலை செய்யும் என்றார். இத்தனை ஆண்டு கழித்தும் ஒரு பிள்ளையை நினைத்தால் கண் நிறைகிறது. ஆனால் துக்கம் மென்மையாகிவிட்டது, அவள் சிரிப்பை ஒருவகை மகிழ்ச்சியோடுகூட நினைக்க முடிகிறது என்று சொன்னார். 1861 ஜூனில் எம்மா அவருக்கு மறுபடியும் ஒரு கடிதம் எழுதினார். நோயின் வேதனையைக் கடவுளிடம் ஒப்படைப்பது பற்றியது. அதன் கீழே சார்லஸ் எழுதியது மூன்றே சொல்: கடவுள் உன்னை ஆசீர்வதிப்பாராக.

ஆனியின் எழுதுபெட்டியை எம்மா எடுத்து வைத்தார். பேனாக்கள், தாள்கள், தையல் நூல், ஒரு கற்றை முடி. சார்லஸ் எழுதிய நோய்க் குறிப்பும் அதோடு சேர்ந்து அடுத்த தலைமுறைகளுக்குப் போயிற்று.

1863 செப்டம்பரில் டார்வினின் உடல்நிலை மோசமாகி மறுபடியும் மால்வெர்ன் போனார்கள். எம்மா கோயில் முற்றத்தில் மகளின் கல்லைத் தேடினார், கிடைக்கவில்லை. யாரோ எடுத்துவிட்டார்களோ என்று கலங்கினார்கள். முன்பு அதைப் பார்த்திருந்த ஃபாக்ஸுக்கு எழுதிக் கேட்டு, அவர் சொன்ன அடையாளத்தை வைத்து மறுபடி தேடினார்கள். பன்னிரண்டு ஆண்டில் வளர்ந்த மரங்களுக்கு மறைவில் கல் இருந்தது. மேலே இயேசுவின் பெயரைக் குறிக்கும் ஐ.எச்.எஸ். என்ற மூன்று எழுத்து. கீழே பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. வசனம் கிடையாது. அன்பான, நல்ல குழந்தை என்று மட்டும் பொறித்திருந்தது.